வண்டி ஆஃப் ஆகுதுன்னு ஐடிலிங்கை ஏத்தாதீங்க!

கோவை, சத்தியமங்கலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் என நாலு ரோடும் சந்திக்கிற ஊர் அன்னூர். பழைய கார்களுக்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் இங்கே குறைவில்லை. பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் வழக்கமாகக் கேட்பது இது: “அண்ணா, நிறுத்துனா ஆஃப் ஆகுதுங்க. ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க.” கார்பரேட்டரில் ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் இன்ஜின் உறுமும், வண்டி ஆஃப் ஆகாது. செலவும் அதிகமில்லை. ஆனால் கோளாறு தீர்ந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. அது மறைந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஐடிலிங் என்றால் என்ன? ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் அணையாமல் சுற்றுகிற வேகம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில், இன்ஜின் சூடான பிறகு இது நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 1,200-ஐத் தாண்டிப் போய்ப் பிறகு இறங்குவது இயல்பு. ஏ.சி. போட்டதும் கொஞ்சம் ஏறுவதும் இயல்புதான். சூடான பிறகும் 1,200-லேயே நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

“ஹைவேயில 3,000 சுத்துற இன்ஜினுக்கு 1,200 ஒரு விஷயமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வேகத்தால் இன்ஜின் உடையப் போவதில்லை. பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போகும். டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு ஏறும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

நம்ம ஊர் தோட்டத்துக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஓவர்லோடு ரிலேயை ஏற்றி வைத்தால் என்ன ஆகும்? மோட்டார் அன்றைக்கு ஓடும். அப்புறம் காயில் எரியும். ரிலே அங்கே கோளாறு அல்ல, எச்சரிக்கை. கார் ஆஃப் ஆவதும் அப்படித்தான்.

ஒரு உதாரணம். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இன்ஜின் தடுமாறி ஆஃப் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டர், இன்ஜின் உறிஞ்சும் காற்றின் வெற்றிட விசையில்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது. பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்தால், பிரேக்கை மிதிக்கும்போது வேண்டாத காற்று இன்ஜினுக்குள் புகுந்து அதைத் தடுமாற வைக்கும். ஐடிலிங்கை ஏற்றினால் இன்ஜின் ஆஃப் ஆகாது. ஆனால் கிழிசல் அப்படியே இருக்கும். பிரேக் கெட்டியாகி, முழு பலத்தோடு மிதித்தாலும் வண்டி சரியாக நிற்காத நாள் ஒன்று வரும்.

அந்த நாள் எங்கே வரும் என்பதுதான் கவலை. அன்னூரிலிருந்து ஒரு பக்கம் போனால் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை. இன்னொரு பக்கம் குன்னூர் மலைப்பாதை. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்தால், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஐடிலிங்கை ஏற்றி வைத்த வண்டியில் த்ராட்டில் முழுதாக மூடாது. அந்தப் பிடி குறையும், சுமை முழுக்க பிரேக் மேல் விழும், பிரேக் சூடாகும்.

சமவெளியிலும் தொல்லை உண்டு. 800 சுற்று 1,200 ஆனால், முதல் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டி நகரும் வேகம் ஒன்றரை மடங்காகும். நெரிசலில் கிளட்ச்சையும் பிரேக்கையும் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும். ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்’ என்று கத்தும். சில பழைய கார்பரேட்டர் வண்டிகள் சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் சில நொடி குலுங்கி ஓடும்.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த வேலையே கூடாது. அங்கே ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்வது கம்ப்யூட்டர். த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூ கம்பெனியில் செட் செய்து விடப்பட்டது. அதைத் திருப்பினால், கால் எடுத்ததைக்கூடச் சில வண்டிகளில் கம்ப்யூட்டர் சரியாக உணராது. இறக்கத்தில் நிற்க வேண்டிய பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

ஐடிலிங்கை ஏற்றவே கூடாதா என்றால், கூடும். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு, கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவர ஸ்க்ரூவைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அளவுக்குக் கீழே போனாலும் கெடுதல்தான். ஆயில் பிரஷர் குறையும், பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாது. அளவுக்குக் கொண்டுவருவது ரிப்பேர். அளவைத் தாண்டுவது மூடி மறைப்பது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள், பெடல் கெட்டியாகும். கால் எடுக்காமல், கியர் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை, அல்லது மிதிக்கும்போது ‘உஸ்’ சத்தத்தோடு இன்ஜின் தடுமாறுகிறது என்றால் மலைப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஸ்க்ரூ திருப்பக் காசு கொடுக்கும் நாம், அரை மணி நேரம் கோளாறு தேடியதற்குக் காசு கேட்டால் “ஒண்ணுமே மாத்தலையே” என்கிறோம். ஏர் ஃபில்டர், பிளக், விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ், அழுக்கேறிய த்ராட்டில் என்று காரணம் பல நேரம் சின்னதாகவே இருக்கும். ஆனால் தேடினால்தான் கிடைக்கும். அடுத்த முறை “ஏத்தி விடுங்க” என்பதற்குப் பதில், “ஏன் ஆஃப் ஆகுதுன்னு பாருங்கண்ணா, அதுக்கான கூலியைத் தர்றேன்” என்று சொல்லுங்கள். அந்தக் கூலி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதைவிட மலிவு.