பழைய பத்திரிகையைத் திருத்தும் உத்தியோகம்

உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, 1984 என்று பெயர் வைத்த நாவலை 1949-ல் வெளியிட்டார்கள். அந்த வருஷம் வந்து போய் நாற்பது வருஷமாயிற்று. பழம் பஞ்சாங்கத்தைக் காசு கொடுத்து யாராவது வாங்குவார்களா? இதை மட்டும் ஏன் இன்னும் வாங்குகிறார்கள்?" கேள்வி நியாயமானதே.

அந்நூலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1903-ல் பீஹாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் சர்க்கார் அபின் இலாகாவில் உத்தியோகஸ்தர். ஆர்வெல் தாமே 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். அடக்குமுறை எவ்வாறு நடைபெறுகிறதென்பதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர் அவர். அவர் உத்தியோகத்தை விட்ட மறு வருஷமே, அதே பர்மா சர்க்கார் பாரதியாரின் தேசிய கீதங்களைத் தடை செய்தது. அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் புத்தகங்கள் பறிமுதலாயின. எட்டயபுரத்துக் கவியின் பாட்டை எட்டயபுரத்தார் படிக்கலாமா என்பதை ரங்கூன் தீர்மானித்தது! சட்டசபையில் சத்தியமூர்த்தி இடித்துரைத்தார். அந்த உத்தரவுக்குத் தடியும் துப்பாக்கியும் வேண்டியிருக்கவில்லை. கையெழுத்தும் முத்திரையும் போதுமானவையாயிருந்தன.

நாவலின் கதாநாயகனும் வீரனல்லன். சர்க்கார் இலாகா ஒன்றில் சாதாரணச் சிப்பந்தி. பழைய பத்திரிகைகளைத் திருத்துவது அவன் வேலை. ராஜாங்கம் அன்று சொன்னது இன்று பொய்த்துப் போனால், அன்றைய பத்திரிகையையே மாற்றி அச்சிட்டுவிட வேண்டும். ஒழிக்கப்பட்டவனுடைய பெயர் ஒரு காகிதத்திலும் இருக்கக்கூடாது. சித்திரவதைக் காட்சிகளைக் காட்டிலும் இந்தக் காரியாலயமே பத்திரிகை நடத்தும் நம்மை நடுங்கச் செய்கிறது.

இவையெல்லாம் வெள்ளையரோடு கப்பலேறிவிட்டன என்று எண்ணியிருந்தவர்களுக்கு 1975 ஜூன் 25-ந் தேதி இரவு பதில் கிடைத்தது. நெருக்கடி நிலை பிறந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டு, அக்கட்சியினர் பலர் மிசா சட்டத்தில் சிறை புகுந்தனர். சிறை சென்றோரின் பெயர்களை அச்சிட வழியில்லை. பிப்ரவரி 3, அண்ணாதுரையின் நினைவு நாள். அன்று 'முரசொலி' ஒரு ஜாபிதாவை வெளியிட்டது: அண்ணா சமாதிக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்களின் பெயர்கள்! தணிக்கை கண்ட அந்த வரிகளின் பொருள் ஜனங்களுக்கு உடனே விளங்கிற்று. அக்கட்சியோடு நமக்குள்ள அபிப்பிராய பேதங்கள் நேயர்கள் அறியாதவையல்ல. ஆயினும், ஆர்வெலின் சிப்பந்தி பெயர்களை எடுத்தான். இவர்கள் அதே அச்சு மையால் பெயர்களைக் காப்பாற்றினார்கள். இதை ஒப்புக்கொள்ளாதிருப்பது நாணயமாகாது.

வக்கீல்களாகிய நாம் சட்டத்தை வேலியென்று நம்புகிறவர்கள். அவ்வருஷம் ஏப்ரல் 28-ல், காவலில் வைக்கப்பட்டவன் நெருக்கடி நிலை நீடிக்கும்வரை ஆட்கொணர்வு மனுச் செய்து விடுதலை கோர முடியாதென்று சுப்ரீம் கோர்ட்டில் ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மாறுபட்டார். வேலி பயிரை மேய்ந்த கதையை நாம் அயல்நாட்டு நாவலில் தேடவேண்டியதில்லை. அப்படியும் தேடுகிறோமென்றால், நம் வீட்டில் நடந்ததை வேறொருவர் கண்ணாடியில் பார்த்தால்தான் முகம் முழுதும் தெரிகிறது.

இக்காலத்தில் எக்கட்சியாரும் எதிர்க்கட்சியை ஏசுவதற்கு ஆர்வெலை மேடைக்கு இழுக்கிறார்கள். அதற்குப் புத்தகத்தைப் படிக்க வேண்டிய அவசியமில்லை. தம் கட்சி அதிகாரத்திலிருக்கும் போது படிப்பவரே அதன் முழுக் கசப்பையும் அறிவார்.

நண்பருக்கு முதலில் சிறிய நூலாகிய 'விலங்குப் பண்ணை'யை, க.நா.சுப்ரமண்யம் அவர்களின் தமிழில் கொடுத்தனுப்பினோம். சுவரில் எழுதிய விதிகள் ஒருவரும் அறியாமல் மாறிப்போகும் இடம்வரை படித்தாராம். அங்கே நிறுத்திவிட்டு, மூன்று வருஷத்துக் கணக்குப் புத்தகங்களை எடுத்து ஒரு தரம் சரிபார்த்ததாக நேற்றுச் சொன்னார்.