கேட்டால் பகையா?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறியிருக்கும். பட்டாசுப் பெட்டி பிள்ளைகளுக்கு எட்டாமல் பரணில் இருக்கும். இந்த நேரத்தில் அடிபடுவதைப் பற்றி எழுதலாமா? "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் அடிபட்ட பிறகு உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம் இருக்கும்? அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

தீபாவளி வந்தால் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் பட்டாசுக் காயத்துக்கென்றே தனி வார்டு தயாராகிறது. ஊருக்குப் போகும் வண்டிகளால் நெடுஞ்சாலைகள் திணறுகின்றன. எங்காவது யாருக்காவது அடிபடுகிறது. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் நாம் சொல்வது ஒன்றுதான்: "நேரம் சரியில்ல, விடுங்க." திருஷ்டி சுற்றிப் போட்டு அதோடு முடித்துக்கொள்கிறோம். மருத்துவச் செலவுக்கு நகை அடகுக் கடைக்குப் போகிறது. நஷ்ட ஈடு கேட்கலாமே என்று யாராவது சொன்னால், "அக்கம்பக்கத்துல பகை எதுக்கு, கோர்ட்டு கேசுன்னு அலையணுமா" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

இந்தப் பயத்தின் முதல் விளைவு ஆஸ்பத்திரி வாசலிலேயே தெரிந்துவிடும். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்பார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, "வீட்டுல வழுக்கி விழுந்துட்டாருங்க" என்போம். அவர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறோமே, அதுதான் இது. பிறகு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் போடுவது இந்தத் தாளைத்தான். "நீங்களே வழுக்கி விழுந்ததாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள்?" என்பார். நல்ல வழக்குகள்கூட இந்த ஒரு வரியால் பலவீனமாகிவிடுகின்றன. வேன் மோதியது என்றால் வேன் மோதியது என்றே சொல்லுங்கள். பட்டாசு கையிலேயே வெடித்தது என்றால் அதையே சொல்லுங்கள். போலீஸ் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். சாலையில் கிடந்தவரைத் தூக்கிவந்து சேர்ப்பவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மோட்டார் வாகனச் சட்டமே அவருக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

சரி, யாரிடம் கேட்பது?

வண்டி மோதிய காயம் என்றால் வழி தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்து நடந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். பணம் கொடுப்பது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான். அரசு பஸ் என்றால் போக்குவரத்துக் கழகம். தீர்ப்பு வந்தும் பணம் கட்டாததால் நீதிமன்றம் பஸ்ஸை ஜப்தி செய்த செய்தியை நாம் எத்தனை முறை பேப்பரில் படித்திருக்கிறோம்!

தப்பு யாருடையது என்ற வாதத்துக்கே போகாமல் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவு வழி செய்கிறது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. ஒன்றை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். தீர்ப்பாயத்தில் மனு போட சட்டம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி நாம் உட்கார வேண்டாம்.

இன்னொன்றையும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போக "குட்டி யானை" லோடு வண்டியைப் பிடிக்கிறோம். பின்னால் ஜமுக்காளம் விரித்துப் பாட்டி முதல் பேத்திவரை ஏற்றிவிடுகிறோம். சரக்கு வண்டியில் இப்படி ஏறிப் போகும் ஆட்களுக்கு அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்காது என்பது உச்ச நீதிமன்றம் சொன்ன நிலை. மச்சான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கும், அந்தப் பைக்குக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பொதுவாக எதுவும் கிடைக்காது. காம்ப்ரஹென்சிவ் பாலிசி என்றால் கிடைக்கும். பிரீமியம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். பண்டிகைச் செலவோடு செலவாக அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் அல்லவா?

பண்டிகைக் கூட்டத்தில் ரயிலிலிருந்து தவறி விழுந்தவருக்கும் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். டிக்கெட் தொலைந்துவிட்டது என்பதற்காக மட்டும் தள்ளிவிட முடியாது.

இனி பட்டாசு. திரியைக் கிள்ளிப் பற்றவைத்த நொடியே வெடிக்கிறது, மேலே போக வேண்டியது பக்கவாட்டில் பாய்கிறது. இதெல்லாம் நம் கவனக்குறைவு மட்டும்தானா? பொருளில் குறை இருந்தால் தயாரித்தவர் பொறுப்பு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்று ஓர் அத்தியாயமே வைத்திருக்கிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கு என்றால் விற்றவரைப் பிடிக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

ஆனால் கையில் என்ன இருக்கிறது? தீபாவளிச் சீட்டு கட்டி, கடைசியில் ஒரு பெட்டியை வாங்கி வருகிறோம். பில் இருக்காது. வெடித்த ஆத்திரத்தில் மிச்சத்தையும் தண்ணீரில் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து பில் கேட்டு வாங்குங்கள். விபத்து நடந்தால் அந்த அட்டைப் பெட்டியையும், அதே பாக்கெட்டில் வெடிக்காமல் மிச்சமிருப்பதையும் பிள்ளைகள் கைபடாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். தயாரிப்பாளர் பெயர் அந்த அட்டையில்தானே இருக்கிறது?

பக்கத்து வீட்டுப் பிள்ளை விட்ட ராக்கெட் உங்கள் வீட்டுப் பெண்ணின் கண்ணைப் பதம் பார்த்துவிட்டால்? இங்கேதான் மனசு உண்மையிலேயே திண்டாடும். வெடிபொருளை அஜாக்கிரதையாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றம்தான். ஆனால் எடுத்த எடுப்பில் ஸ்டேஷனுக்கு ஓடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரு குடும்பமும் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் உட்கார்ந்து பேசலாம். வழக்கே போடாமல் லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாம். அங்கே எழுதப்படும் முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, அப்பீல் கிடையாது. செய்யக்கூடாதது ஒன்றுதான். அவசரத்தில் கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கண் காயத்தின் முழுச் செலவு என்னவென்று முதல் வாரத்தில் யாருக்கும் தெரியாது.

வங்கி பாஸ்புக்கையும் ஒருமுறை புரட்டுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்த பதிவு இருந்தால், அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டமாக இருக்கலாம். விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், ஒரு கண்ணின் பார்வை முழுதாகப் போனால் ஒரு லட்சம். கணக்கில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் எத்தனை வீடுகள் இருக்கின்றனவோ!

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. "நான் வேலைக்குப் போறவளா, எனக்கு என்ன நஷ்டம்னு கேட்பாங்க" என்று நீங்களே ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலைக்குள் ஜாம்ஷெட்ஜி டாடாவின் 150-வது பிறந்தநாள் விழா நடந்தது. பந்தலில் தீப்பிடித்து 60 பேர் இறந்தார்கள், 113 பேர் காயமடைந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்த விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்ட வழக்கில் 2001-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், சம்பளம் வாங்காத இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டு நஷ்ட ஈடு கணக்கிட்டது. அன்றைய கணக்கில் அது குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் சமைத்ததையும் பிள்ளை வளர்த்ததையும் வேலை என்று ஒரு நீதிமன்றம் கணக்கில் எடுத்தது சிறிய விஷயமா? 2021-லும் ஒரு சாலை விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில்கள், புகாரைப் பெற்றதற்குப் போலீஸில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரிஜினலைக் கொடுத்துவிடாமல் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்