தாய்ப்பால் வங்கியும் ஊழியர் கடமையும்

குறைமாதச் சிசுவுக்கு முதல் மருந்து பெற்ற தாயின் பாலே. அது போதாதவிடத்துப் பிற தாய்மார் தானமாக அளிக்கும் பாலே அடுத்துச் சிறந்ததாகும். மாவுப்பாலைவிட இதனால் கொடிய குடலழற்சி நோய் குறைகின்றது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் மும்பை சயான் ஆஸ்பத்திரியில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் நிறுவினார். பெங்களூர் வாணி விலாஸ் ஆஸ்பத்திரியிலும் 2022-இல் ஒரு வங்கி தொடங்கப்பெற்றது.

ஆயினும் நகரில் வங்கி அமைந்துவிட்டதனால் மட்டும் அத்திபெலே போன்ற எல்லையூர்ச் சிசுக்கள் பயன் பெற்றுவிடா. ‘அயலார் பாலா?’ என்னும் தயக்கம் முதலில் நீங்க வேண்டும். அளிப்பவரின் இரத்தம் சோதிக்கப்பெறுகின்றது, பால் 62.5 டிகிரி சென்டிகிரேடில் 30 நிமிடம் சூடேற்றப்பெற்று, உறைநிலையில் காக்கப்பெறுகின்றது. இச்சோதனையின்றி அண்டை வீட்டார் பாலை ஊட்டுதல் தகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024-இல் எச்சரித்தவாறு, தாய்ப்பால் விற்பனைப் பொருளும் அன்று.

சூடேற்றுகையில் பாலின் காப்புச் சத்துக்களுள் சில குறைவதுண்டு. ஆதலின் வங்கி ஓர் ஊன்றுகோலேயன்றிக் கால் ஆகாது. பெற்ற தாய்க்கே பால் சுரக்கத் துணை நிற்பதைக் கிராம ஊழியரும் ஆசிரியரும் தம் முதற்கடமையாகக் கொள்வாராக.