சராசரிக்குள் மறையும் வெள்ளமும் வறட்சியும்

2015 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 53 சதவீதம் கூடுதலாகப் பெய்தது, சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டு அதே பருவத்தில் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பற்றாக்குறை ஐந்து சதவீதத்தைக்கூட எட்டாது. 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பான மழைதான் என்பது இந்திய வானிலைத் துறையின் வரையறை. அதன்படி பார்த்தால், அந்த இரண்டு ஆண்டுகளில் எந்தக் குறையும் இல்லை!

பருவத்தின் மொத்த மழையை வைத்தே திட்டமிடும் பழக்கத்தை அரசுத் துறைகள் இனியாவது கைவிட வேண்டும்.

மொத்தக் கணக்கு எதை மறைக்கும் என்பதை பி.என்.கோஸ்வாமி குழுவினர் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மத்திய இந்தியாவில் 1951 முதல் 2000 வரையிலான தினசரி மழைப் பதிவுகளை அவர்கள் அலசினார்கள். பருவமழையின் சராசரியில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆனால், மிகக் கனமழை அடிக்கடி பெய்யத் தொடங்கியிருந்தது. மிதமான மழை குறைந்திருந்தது. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டியதால் மொத்தத்தில் எதுவும் தெரியவில்லை. மண்ணில் ஊறி நிலத்தடி நீராகும் மழை குறைந்து, வரப்பை உடைத்துக்கொண்டு ஓடும் மழை பெருகினால், விவசாயிக்கு அது பழைய மழை ஆகுமா?

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள்.

ஓரிரு பேய்மழைகளை வைத்துப் பருவமே மாறிவிட்டது என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. தொடங்கும் ஆண்டைப் பொறுத்து முடிவும் புரளும்: கணக்கை 2015-இல் தொடங்கினால் மழை இறங்குமுகமாகத் தெரியும், 2016-இல் தொடங்கினால் ஏறுமுகமாக. அதனால்தான் நீண்ட காலப் பதிவுகள் முக்கியமாகின்றன. சென்னைக்கு 1813 முதலே மழைப் பதிவு இருக்கிறது. இந்த வாய்ப்பு எல்லா நகரங்களுக்கும் கிடைத்துவிடவில்லை.

ஆனால், பழைய முறை மழைமானியில் தேங்கிய நீரைக் காலை 8.30 மணிக்கு அளந்து நாளுக்கு ஓர் எண்ணை எழுதுகிறார்கள். பத்து செ.மீ. மழை நாள் முழுக்கத் தூறியதா, ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா என்பதை அந்த எண் சொல்லாது. மழைநீர் வடிகாலின் அகலத்தை முடிவுசெய்யும் பொறியாளருக்குத் தேவைப்படுவதோ அந்த விவரம்தான்.

தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவும் திட்டத்தைக் கையில் எடுத்தது வரவேற்கத்தக்கது. அவற்றின் மணிவாரி அளவுகளை யாரும் தரவிறக்கி ஆராயும்படி பொதுவெளியில் வைக்க வேண்டும். தாலுகா அலுவலகங்களின் பழைய பதிவேடுகள் கணினியில் ஏற வேண்டும். புதிய வடிகால்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருமுன், அந்த ஊரில் ஒரு மணி நேரத்தில் பெய்த உச்ச மழை எவ்வளவு என்பதை உள்ளாட்சிகள் அறிவிக்க வேண்டும். ஏரிகளின் கலிங்குகள் இன்றைய கனமழையைத் தாங்குமா என்று நீர்வளத் துறை மறுகணக்கிட்டு, தென் மாவட்டங்களில் தொடங்கி, முடிவுகளை அடுத்த அக்டோபருக்குள் வெளியிட வேண்டும்.