அத்திப்பள்ளிக்கு அப்பாலும் இப்பாலும்

மதுவைப் பற்றித் தமிழில் யாரேனும் பேசத் தொடங்கினால் உடனே இரண்டு குரல்கள் எழும். ஒன்று கள்ளுண்ணாமையின் குரல். வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். மற்றது திரைப்பட நகைச்சுவையின் குரல்: தள்ளாடும் ஒருவன், அவனது உளறல், அரங்கத்தின் சிரிப்பு. குவளையில் இருப்பது எவ்வாறு செய்யப்பட்டது, எந்த உணவோடு சேர்கிறது, யாரோடு அமர்ந்து அருந்தப்படுகிறது என்று கேட்கும் மூன்றாவது குரலும் நம்மிடம் ஒருகாலத்தில் இருந்தது. சங்கப் பாடல்களுக்குப் பின் அது மெலிந்துவிட்டது. இன்று அந்தக் குரலைக் கேட்க விரும்பும் ஒசூர்க்காரர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அங்கேயும் அதை ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும்.

பெங்களூரின் கோரமங்கலா, இந்திராநகர்ப் பகுதிகளில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருகிய ஒருவகை உணவகங்களைச் சொல்கிறோம். பழைய பங்களா ஒன்றை எடுத்து, சுவர்க்காரையைப் பாதி உதிர்ந்தபடியே விட்டு, மீதிச் சுவரில் இளம் ஓவியர் ஒருவரைக் கொண்டு சித்திரம் எழுதியிருப்பார்கள். மேசைக்கு வரும் பட்டியல் சிறுபத்திரிகைக்காரர்கள் பொறாமைப்படும் தாளில் அச்சாகியிருக்கும். காக்டெய்ல் எனப்படும் மதுக்கலவைகளுக்குப் பருவங்களின் பெயர்கள், மறைந்த திரையரங்குகளின் பெயர்கள். கலவை செய்பவருக்குத் தலைமைச் சமையற்காரருக்கு நிகரான மதிப்பு. ஆசியாவின் சிறந்த ஐம்பது மதுக்கூடங்கள் என்று ஆண்டுதோறும் வெளியாகும் பட்டியலில் பெங்களூர்ப் பெயர்கள் இடம்பெறத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

இவற்றையெல்லாம் பணக்காரர்களின் பாவனை என்று ஒதுக்கிவிடுவது இலக்கியவாதிகளுக்கு எளிது. பாவனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் நடுவே மெய்யான ஒன்றும் இருக்கிறது என்பதே எங்கள் எண்ணம்.

சில மாதங்களுக்கு முன் ஒசூர்த் தொழிற்பேட்டையில் வேலைபார்க்கும் இரு நண்பர்களோடு அத்தகைய உணவகம் ஒன்றில் ஒரு மாலையைக் கழித்தோம். பட்டியலில் ரம், தேயிலை, எலுமிச்சை, பால், சாதிக்காய் என்று எழுதியிருந்தது. வந்ததோ பளிங்குபோல் தெளிந்த நீர், நடுவில் ஒரே ஒரு பெரிய பனிக்கட்டி. பால் எங்கே என்று கேட்டோம். கலவைக்காரர் பொறுமையாக விளக்கினார். எலுமிச்சை சேர்ந்த மதுவைப் பாலில் ஊற்றினால் பால் திரிகிறது. திரிந்த கட்டி தேயிலையின் துவர்ப்பையும் மதுவின் நிறத்தையும் காரத்தையும் பெருமளவு தன்னோடு இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டியையே வடிகட்டியாகக் கொண்டு சொட்டுச்சொட்டாக வடித்தால் தெளிநீர் கிடைக்கிறது; பாலின் மென்மை மட்டும் நாவில் தங்குகிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வழக்கிலிருந்த முறையாம். இன்னொரு கலவையில் நெய் மணத்தது. உருக்கிய நெய்யை மதுவோடு கலந்து, உறையவைத்து, மேலே கட்டிய நெய்யை எடுத்துவிடுகிறார்கள். நெய் போய்விடுகிறது, மணம் நின்றுவிடுகிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எங்களுக்கு நினைவு வந்த சொல் தேறல். தேறியது, அதாவது தெளிந்தது. வண்டலை அடியில் தங்கவிட்டு இறுத்து எடுத்த மதுவுக்கு நம்மவர் இட்ட பெயர். நாட்பட முதிர்ந்த தேறலின் வீரியத்தைத் தேள்கடுப்புக்கு ஒப்பிட்ட புலமை இங்கே இருந்திருக்கிறது. வீட்டில் அரிசி கொண்டு ஆக்கிய தோப்பிக்கு வேறு பெயர், நறவுக்கு வேறு பெயர். இத்தனை பெயர்கள் இருந்த மொழியில் இன்று வழங்குபவை குவார்ட்டர், ஆஃப், ஃபுல். மூன்றும் அளவுப் பெயர்கள். சுவையைக் குறிக்க ஒரு சொல்கூட இல்லை.

(இடைக்குறிப்பாக ஒன்று. காக்டெய்லுக்கு மூத்ததான பஞ்ச் என்ற பானத்தின் பெயர் ஐந்து என்ற நம் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்: சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, நீர், நறுமணப்பொருள். 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி மாலுமிகள் அதைக் கப்பலேற்றினார்கள். சாராயத்தை நீக்கிவிட்டால் ஏறக்குறைய நம் பானகம். ‘மேற்கத்தியக் கலாச்சாரம்’ என்று கொதிப்பவர்கள் சற்று நிதானிக்கலாம்.)

உணவுக்கு வருவோம். கேழ்வரகை அப்பளம்போல் மெலிதாகத் தட்டிப் பொரித்து, மேலே தயிரும் மாங்காயும் வைத்துக் கருங்கல் துண்டொன்றில் பரிமாறினார்கள். ‘தொல்தானியம்’ என்று பட்டியல் அறிமுகம் செய்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க அம்மா இதைப் பார்த்தா, அடுப்புல கவனமில்லாம கருக்கிட்டாங்களான்னு கேப்பாங்கப்பா” என்றார். கேழ்வரகு அவர்களுக்குத் தொன்மை அன்று, நேற்றிரவுக் களி. தமிழ்நாட்டில் கேழ்வரகு மிகுதியாக விளையும் மாவட்டங்கள் கிருஷ்ணகிரியும் தருமபுரியும். பக்கத்துத் தருமபுரியில் 2023 முதல் ரேஷன் கடையிலேயே அதை வழங்குகிறார்கள். தட்டில் இருந்த பெங்களூரா மாங்காய்க்கு ஊர்தான் பெங்களூர். விளைவதும் கூழாகி ஏற்றுமதியாவதும் கிருஷ்ணகிரியில். எல்லைக்கு இப்பால் விளைந்தது அப்பால் போய்க் கலையாகிறது.

இதில் சினங்கொள்ள ஒன்றுமில்லை என்றே நினைக்கிறோம். நியூயார்க்கின் ‘செம்மா’ உணவகத்தில் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரரான விஜய்குமார் வயல் நத்தையைச் சமைத்துப் பரிமாறுகிறார். 2022இல் மிஷெலின் நட்சத்திரமும் 2025இல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் அந்தச் சமையலுக்குக் கிடைத்தன. வறியவர் உணவு என்று மறைக்கப்பட்டது மேசைக்கு வந்து பெயர்சொல்லி நின்றது நல்ல செய்திதான். எங்கள் கேள்வி வேறு. அந்த மேசை ஏன் ஒசூரில் இல்லை?

வாடிக்கையாளர் இல்லை என்று சொல்ல முடியாது. 1970களில் சிப்காட் வந்தது முதல் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த ஊர். பொறியாளர்கள், மேலாளர்கள், வெளிமாநிலத்தவர் என்று சம்பாதிப்போர் கூட்டம் பெரிது. கலையுணர்வு இல்லாத ஊரும் அன்று, பா. வெங்கடேசனும் ஆதவன் தீட்சண்யாவும் இருந்து எழுதும் ஊர். காரணம் சட்டத்தில் இருக்கிறது. கர்நாடகத்தில் சிஎல்-9 என்ற உரிமம் பெற்றால் தனி உணவகம் ஒன்று உணவோடு மதுவும் பரிமாறலாம். தமிழ்நாட்டில் அதற்கு நிகரான வழி தனி உணவகத்துக்கு இல்லை. இங்கே மதுவைப் பரிமாறத்தக்கவை எஃப்எல்-3 உரிமம் பெற்ற நட்சத்திர விடுதிகள், எஃப்எல்-2 உரிமம் பெற்ற மன்றங்கள். அரசு ஆவணத்தமிழில் பின்னதன் பெயர் மனமகிழ் மன்றம்! இரண்டுமில்லையேல் டாஸ்மாக் கடையும் அதையொட்டிய பாரும். ஆகவே இம்மாநிலத்தில் சமையற்கலையின் புதுமை ஐந்து நட்சத்திரக் கூரைக்குக் கீழேதான் மதுவோடு சேர்ந்து அமர முடிகிறது. சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவில் 2017இல் தொடங்கிய அவர்த்தனாவில் தெளிந்த தக்காளி ரசத்தை மார்ட்டினிக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். அழகான கற்பனை. ஆனால் அதே கற்பனை கொண்ட இளைஞர் ஒருவர் ஒசூர் பாகலூர் சாலையில் முப்பது இருக்கைகளோடு கடைவைத்தால் ரசத்தோடு நின்றுகொள்ள வேண்டியதுதான்.

டாஸ்மாக் பார் எப்படியிருக்கும் என்று இங்கே வருணிக்கத் தேவையில்லை. தகரக்கூரை, ஈரத்தரை, நின்றபடியே குடிக்கும் மனிதர்கள். தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில்களை எடுக்கவும் ஏலம் எடுத்தவருக்கு, வந்தவர் எழுந்து போவதில்தான் ஆதாயம். அங்கே குடிப்பவன் விருந்தினன் அல்லன். வருவாய். 2023-24இல் மதுவிற்பனை வழி அரசுக்குக் கிடைத்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல்.

இந்த மண்ணுக்கு இவ்விஷயத்தில் இரண்டு முன்னோர் உண்டு. ஒருவர் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூர் இன்றைய தருமபுரி. 2004 வரை கிருஷ்ணகிரியும் அம்மாவட்டமே. அவன் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில் முதலில் நினைவுகூர்வது அவன் போரை அன்று, அவன் மதுவைப் பகிர்ந்த விதத்தை. குறைவாக இருந்தால் தனக்கு வைத்துக்கொள்ளாமல் பாணர்க்கும் புலவர்க்கும் தந்துவிடுவான். நிறைய இருந்தால் அவர்கள் உண்டு பாட எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான். பாண்டியன் ஒருவன் யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் பருகியதையும் புறநானூறு சொல்கிறது. உயர்தர உணவகம் அந்தப் பொற்கலத்தின் வழித்தோன்றல் எனலாம். அதியமானுடையது வேறு மரபு. அங்கே அளவு பார்த்தது தனக்கு, பிறர்க்கன்று.

மற்றவர் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி. சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஒசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தன. மாகாணத்தில் முதலில் கள்ளுக்கடை மூடிய மண் இதுதான். அவருடைய கொள்கையோடு எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது. கள் வருவாய் தீயது என்றவர் அதை இழக்கவும் துணிந்தார். இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். பின்னால் 1971இல் விலக்கு தளர்ந்ததும், மீண்டதும், 1981இல் மறுபடி தளர்ந்ததும், 1983இல் டாஸ்மாக் பிறந்ததும், 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்ததும் யாவரும் அறிந்ததே. இன்று நம்மிடம் ராஜாஜியின் துறவும் இல்லை, அதியமானின் விருந்தும் இல்லை. மேடையில் மதுவிலக்கு, கருவூலத்தில் மது.

குடியால் சிதைந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கையில் குடியின் நயத்தைப் பேசுவது வக்கிரமில்லையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. விடையை எல்லையிலேயே தேடலாம். கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடைசெய்தது. 2008 மே மாதம் பெங்களூரைச் சுற்றிய பகுதிகளிலும் கோலாரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச்சாராயம் குடித்து 150க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. முதலில் கண் மங்கும், பிறகு மூச்சு. அதுவும் ஒரு கலவைதான். ஆனால் அதைக் கலந்தவன் குடிப்பவனுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. பெங்களூர் மேசையில் எங்களுக்குக் கிடைத்தது மதுவைவிட முக்கியமான ஒன்று: உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமையும், பதில் சொல்ல நின்ற ஒரு மனிதரும். இரண்டரை மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு இரண்டு குவளைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. தட்டும் பேச்சும் நிழலும் இருந்தால் மனிதன் மெதுவாகக் குடிக்கிறான். நின்றபடி, ஒளிந்தபடி குடிப்பவன்தான் ஒரே மூச்சில் கவிழ்க்கிறான். இது பொது விதியன்று, எங்கள் கண் கண்டது.

அந்த மேசைக்கு நாங்கள் கொடுத்த தொகை ஒசூர் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் பாதி மாதச் சம்பளத்தை நெருங்கும். அதைக் கலைக்குக் கொடுத்த விலை என்று எங்களால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. உதிர்ந்த காரைக்கும் கருங்கல் துண்டுக்கும் வேண்டுமானால் விலை கூடலாம். சுத்தமான குவளை, நாற்காலி, சூடான உணவு, உள்ளிருப்பதைச் சொல்லும் நாணயம் ஆகியவற்றுக்கு அத்தனை விலை ஆகாது. சிற்றுணவகங்களுக்கு, உணவோடு மட்டுமே மது என்ற கட்டுப்பாட்டுடன், அரசு உரிமம் தரலாம். டாஸ்மாக் பார்களின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைக்கலாம். இதைக் கேட்டால் ‘குடியை வளர்க்கிறார்கள்’ என்பார்கள், 45,000 கோடிக்கு அது வளராமலே விட்டதுபோல.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று எங்களைச் சுற்றியிருந்த மேசைகளில் பாதியில் பெண்கள் இருந்தார்கள், பலர் ஆண் துணையின்றி. அங்கும் அது எளிதில் வந்ததன்று. 2009 ஜனவரியில் மங்களூர் மதுக்கூடம் ஒன்றில் பெண்கள் அடிக்கப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இப்பால், டாஸ்மாக் இருக்கும் தெருவையே பெண்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஒசூரைச் சுற்றியுள்ள மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி வேலைசெய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர்க்கு மது வேண்டியிருக்காது. மாலையில் ஒரு நாற்காலி, நல்ல விளக்கு, எழுந்து போகச் சொல்லாத ஒரு மேசை வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைப் பார்க்கிறோம். சந்திரசூடேசுவரர் மலைப்படிகளில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து இறங்கினால் பேருந்து நிலையத்தருகே பேக்கரி வாசலில் நின்றுகொண்டே தேநீர்.