கோப்புக்குள் பேசியவர்கள்

‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’ ஆட்டத்தின் ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்று இன்னொரு ஃபோல்டர் உண்டு. அங்கிருக்கும் ‘ஹேண்ட்லிங்.சிஎஃப்ஜி’ கோப்பை நோட்பேடிலேயே திறக்கலாம். வண்டிக்கு ஒரு வரி. அதில் எடை, கியர், உச்ச வேகம், பிரேக் எல்லாம் வெறும் எண்கள். எந்த எண் எதற்கு என்று மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: வண்டிப் பெயர் 14 எழுத்தைத் தாண்டக் கூடாது, எடை 1 முதல் 50,000 வரை, இன்ஜின் பெட்ரோலா டீசலா மின்சாரமா என்பதற்கு ஓர் எழுத்து. ஆட்டத்துக்கு இந்த விளக்கம் தேவையில்லை. அரைப்புள்ளியில் தொடங்கும் வரிகளை அது தாண்டிப் போய்விடும். ஆட்டத்தை உருவாக்கியவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது, 2005இல் கணினிப் பதிப்போடு அப்படியே வெளியே வந்துவிட்டது. லாரியை ரேஸ் காராக்கிய பையன்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைத்திருக்க மாட்டார்.

செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனத்தின் ‘ஆர்மா 3’ வரையிலான போர் ஆட்டங்களில் கதை வேறு. துப்பாக்கி, வாகனம், சீருடை எல்லாவற்றையும் ‘கான்ஃபிக்.சிபிபி’ என்ற கோப்பில் கிளாஸ் கிளாஸாக எழுதுவார்கள். (பெயரைப் பார்த்து சி பிளஸ் பிளஸ் நிரல் என்று பயப்பட வேண்டாம், சாயல்தான்.) இருக்கிற துப்பாக்கி ஒன்றைத் தாய் கிளாஸாகச் சொல்லிவிட்டு, மாறுவதை மட்டும் எழுதினால் போதும். ‘மாட்’ என்கிற, ரசிகர்கள் ஆட்டத்துக்குச் செய்யும் சேர்க்கையைப் பொதியாகக் கட்டும்போது கருவி இதை ‘கான்ஃபிக்.பின்’ ஆக்கிவிடும். முதல் பைட் பூஜ்யம், அடுத்து ஆர்-ஏ-பி என்று மூன்று எழுத்து, பிறகு கண்ணுக்குப் புரியாத பைட்டுகள். இதை ‘ராப்பிஃபை’ பண்ணுவது என்பார்கள், மாட் செய்யும் மாடர்கள்.

அதில் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான கிளாஸ்களை ஒவ்வொரு முறையும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வேலை ஆட்டத்துக்கு மிச்சம். விட்டுப்போன அரைப்புள்ளியும் விளையாடுபவரிடம் போவதற்கு முன்பே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் இதைப் பூட்டு என்று சிலர் நம்புவதுதான் வேடிக்கை. ‘பின்’ கோப்பைத் திருப்பி உரையாக்கும் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. எண்கள் எல்லாம் திரும்பி வரும். வராதவை, சிபிபியில் இரட்டைச் சாய்கோடு போட்டு எழுதிய விளக்கங்கள்: ஏன் இந்த எண், எதைத் தொட்டால் எது கெடும் என்பவை. ஒரு முறை எழுதிப் பல இடத்தில் பயன்படுத்தும் சுருக்கமான மேக்ரோவும் அப்படியே. ஒரே மேக்ரோவை வைத்து நாற்பது சீருடை செய்திருப்பார் ஒருவர். திரும்பி வரும்போது நாற்பது கிளாஸும் விரிந்து கிடக்கும், அவற்றின் பின்னால் இருந்த யோசனை தெரியாது.

மாட் வெளியிடுகிறவர்கள் ‘பின்’ கோப்போடு தங்கள் சிபிபியையும் சேர்த்துத் தரலாமே என்பேன். திருடிவிடுவார்கள் என்கிறார்கள். திருடுகிறவருக்கு ‘பின்’ கோப்பே போதுமே! இடம் அடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒரு சீருடையின் டெக்ஸ்சர் படம் அடைக்கும் இடத்தில் இப்படிப் பல கோப்புகளை வைத்துவிடலாம்.