பி.எஸ்சி. மேக்ஸ் முடிச்சா பி.எட். மட்டும்தானா? கணித ஆராய்ச்சிக்குப் போவது எப்படி?

பி.எஸ்சி. கணிதம் சேர்ந்ததுமே சொந்தக்காரர்கள் கேட்பது, "அடுத்து பி.எட். தானே?" இல்லைன்னா பேங்க் எக்ஸாம். ஆராய்ச்சி என்று ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிய வரும்போது, விண்ணப்பிக்கும் தேதியே முடிந்திருக்கும்.

மார்க் போதாதா?

போதாது. நிரூபணங்களை மனப்பாடம் செய்தே செமஸ்டரில் 90 வாங்கிடலாம். ஆனா ஆராய்ச்சி நிறுவனங்களின் தேர்விலும் நேர்காணலிலும் இதுவரை பார்க்காத கணக்கைக் கொடுத்து, 'ஏன்?' என்று கேட்பார்கள்.

எப்போது என்ன செய்யணும்?

பிளஸ் 2 முடித்ததும்: சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் (சி.எம்.ஐ.) பி.எஸ்சி. ஹானர்ஸ் படிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு.

கல்லூரியில் படிக்கும்போது: மாதவா கணிதப் போட்டி எழுதலாம். 1993-ல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே மாணவர்களைக் கேள்வி கேட்டு யோசிக்க வைப்பதுதான் பாடமே.

மூன்றாம் ஆண்டில்: ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு. பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் இதே தேர்வுதான்.

எம்.எஸ்சி.யில்: சி.எஸ்.ஐ.ஆர். நெட், தேசிய உயர் கணித வாரியமான என்.பி.எச்.எம். நடத்தும் உதவித்தொகைத் தேர்வு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பிஎச்.டி. செய்யலாம்.

வீட்டில் பணம் கேட்கணுமா?

நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.37,000, வீட்டு வாடகைப்படி தனி. ஆனா ஒண்ணு, பிஎச்.டி. முடிக்கவே 5 ஆண்டுகள் ஆகலாம். அதன் பிறகும் நிரந்தர வேலைக்குப் போட்டி கடுமை. இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

வழிகாட்ட ஆள் வேணுமா?

நிச்சயம் வேணும். சென்னை லயோலா கல்லூரியில் படித்த சி.எஸ்.சேஷாத்ரியையும் எம்.எஸ்.நரசிம்மனையும் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போகத் தூண்டியவர், அவர்களின் ஆசிரியரான பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசீன். 1953-ல் இருவரும் அங்கே சேர்ந்தனர். 1965-ல் வெளியான நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் உலகப் புகழ் பெற்றது. 1989-ல் சி.எம்.ஐ.யைத் தொடங்கியவரும் இதே சேஷாத்ரிதான்.

எல்லாக் கல்லூரியிலும் ஒரு ரசீன் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் முதல் ஆண்டிலேயே இந்த நிறுவனங்களின் இணையதளங்களைப் பார்த்து, விண்ணப்பத் தேதிகளைக் குறித்து வையுங்கள். உங்கள் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லும் பேராசிரியர் ஒருவரிடம் இப்போதே பேசுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது உங்களை அவருக்குத் தெரிந்திருக்கணும்.